சீட் இல்லாத கார், கார் இல்லாத சீட்

சாச்சக்
14 ஜூன் 2009

விதோசவா அக்காவுக்கு,

முதலில் பிள்ளைகள் விஷயம். என் மூத்த பேத்தி துன்யா மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டாள். கடைத்தெருவின் பெரிய மருந்துக்கடையில், வெள்ளைக் கோட்டில் பெயர் தைத்துக்கொண்டு நிற்கிறாள். டாக்டர்மார் கிறுக்குவதைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசித்துவிடுவாள். அடுத்தவன் ரேல்யா அக்கார்டியன் போட்டியில் மாவட்டத்துக்கே முதலாவது. தோற்றுப்போன பையனின் அப்பா கைதட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஈ அடிக்கிற மாதிரி. கடைக்குட்டி லென்கா நீச்சலில் பதக்கம் வாங்கி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்குகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் காதில் விழவில்லை. விழுகிற மாதிரி ஒன்றும் இல்லையோ என்னவோ.

இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். ஓரகத்தியாக ஒரே அடுப்பில் ஒன்பது வருஷம் சமைத்தவளுக்கு இது தெரியாதா?

அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, துன்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நோவி சாத். சம்பந்தியம்மாள் வந்திருந்தாள். நகத்துக்கெல்லாம் சாயம். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டில் வைத்தாள். "ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க, பொண்ண தேவாலயத்துக்குக் கூட்டிப்போக வெள்ளைக் கார் வாடகைக்குச் சொல்லிட்டோம். நல்லா நீளமா இருக்கும்" என்றாள். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிற பார்வை அது.

"நாங்க எதுக்குக் கவலைப்படணும்? எங்க பொண்ணு அதோட கொள்ளுத்தாத்தா கார்லதான் இறங்கும். உங்க நீளக் கார்ல உங்க சொந்தக்காரங்கள ஏத்திக்குங்க" என்றேன்.

என் மகன் மிலுன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். அவன் மிதித்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காரில் சீட் கிடையாது.

நம் மாமனார் ஓப்ராத் போனபின் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தது நினைவிருக்கிறதா? பிளம் தோட்டத்தை மரம் மரமாகப் பிரித்தார்கள். சாராயம் காய்ச்சும் செப்புப் பானையை ஆளுக்கொரு வருஷம் என்று வைத்தார்கள். சஸ்தவா காரை மட்டும் ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் உங்கள் வீட்டுக்காரர் கிர்ஸ்மன் ஸ்பானரோடு வந்து முன் சீட் இரண்டு, பின் சீட் ஒன்று, மூன்றையும் கழற்றி டிராக்டரில் ஏற்றினார். "கார் உனக்கு, சீட் எனக்கு. பாதிக்குப் பாதி" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் திஹோமிர் பீர்ப்பெட்டி மேல் தலையணை போட்டு உட்கார்ந்து ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டினார். போலீஸ்காரன் பிடித்துச் சிரித்தான். அன்று கொட்டகையில் ஏறிய கார்தான், இன்னும் இறங்கவில்லை.

அதை நானும் துன்யாவும் இப்போது உள்ளே எல்லாம் பிரித்துப் புதுசாக்கிக்கொண்டிருக்கிறோம். மிலுன் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறான். உங்களிடம் நான் கேட்பது சீட் மட்டும். அனுப்புங்கள்.

ஸ்டாமென்கா


பெல்கிரேட்
23 ஜூன் 2009

ஸ்டாமென்கா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருந்தது. சந்தையில் வாங்க வேண்டியதை எழுதிக்கொண்டேன்.

என் பேரன் ஸ்டுட்கார்ட்டில் பாலம் கட்டுகிறான். பேத்தி நான்கு மொழி பேசுகிறாள், நான்கிலும் பீற்றிக்கொள்வதில்லை.

சீட்டுகள் என் பால்கனியில், கண்ணாடிக்குப் பின்னால், வெயில் மழை படாமல் இருக்கின்றன. தொழிற்சாலையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. மாமனார் பிரிக்கவில்லை, என் கணவர் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை. அதனடியில் உள்ள துணியை ஒரு மனித விரல் தொட்டதில்லை. உன் பங்குக்கு வந்த காரோ கோழிக்கூடாக இருந்தது. நானே பார்த்தேன். ஸ்டியரிங் மேல் ஒரு சேவல் நின்றுகொண்டு என்னை முறைத்தது. உன் வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்புகளில் அதுதான் நாகரிகமானது.

நீ "புதுசாக்கினால்" என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டில் டெலிபோனுக்குக் கூடப் பின்னல் பாவாடை உண்டு. அந்தக் கைகளுக்கு இந்த சீட்டுகளை நான் தருவதற்கில்லை.

துன்யாவுக்கு என் வாழ்த்து. வாடகைக் கார் நல்ல யோசனை.

விதோசவா


சாச்சக்
5 ஜூலை 2009

அக்கா,

கோழி உட்கார்ந்தால் முட்டையாவது கிடைக்கும். நீங்கள் இருபத்திரண்டு வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்தீர்களே, என்ன கிடைத்தது?

காரில் கோழி இருந்தது உண்மை. இப்போது இல்லை. எச்சத்தைச் சுரண்டினேன், சோப்பும் வினிகரும் போட்டுக் கழுவினேன், வெயிலில் நாலு கதவையும் திறந்துபோட்டேன். இப்போது மூக்கை உள்ளே விட்டால் வினிகர்தான் வாசம். பெல்கிரேட் மாடிப்படி வாசத்துக்கு இது தேவலை.

மேற்கூரைத் துணியைப் பற்றிச் சொல்கிறேன், பொறாமைப்படுங்கள். பழைய துணி மாமனார் குடித்த சிகரெட்டால் புகையிலை நிறத்துக்கு வந்திருந்தது. அதைக் கிழிக்காமல் தையல் தையலாகப் பிரித்து, சமையற்கட்டு மேசையில் விரித்து, அதையே அளவாக வைத்துப் புதுத் துணி வெட்டினேன். கூரைக்குக் குறுக்கே வளைகம்பிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் துணியில் ஒரு குழல் தைத்துக் கோக்க வேண்டும். முதல் தடவை காலைக் குளிரில் ஒட்டினேன். மத்தியானம் வெயில் ஏறியதும் கூரை கிழவன் வயிறு மாதிரி தொங்கிவிட்டது. துன்யா உள்ளே மல்லாக்கப் படுத்துக்கொண்டு சிரிக்கிறாள். "பாட்டி, இது காரா கூடாரமா? நாங்க தேனிலவுக்கு இதுலயே படுத்துக்கறோம்" என்றாள். "வாய மூடு, கிளிப்ப எடு" என்றேன். மறுபடி பிரித்து, வெயில் கொதிக்கிற நேரத்தில் துணியை இழுத்து, ஓரம் பூராவும் துணி காயப்போடும் கிளிப்பைக் கடிக்கவிட்டு ஒட்டினேன். இப்போது தட்டினால் தம்பட்டம் மாதிரி சத்தம் வருகிறது.

கதவு உட்பலகை நாலும் ஈரத்தில் ஊறி அப்பம் மாதிரி உப்பியிருந்தன. புதுப் பலகை அறுத்து, மேலே சாம்பல் நிற ரெக்சின் இழுத்து ஒட்டியாயிற்று. ஓரத்து நிக்கல் பட்டையை அடுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்த்தேன். அதில் என் முகம் தெரிகிறது. உங்கள் முகம் தெரிந்தால் பட்டை கறுத்துவிடும்.

வாடகைக் கார் நல்ல யோசனை என்கிறீர்கள். சம்பந்தியம்மாள் ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறாள். "கார் ரெடியா? சொல்லிடுங்க, இல்லன்னா நாங்க பாத்துக்கறோம்" என்று தேன் ஊற்றுகிறாள். நான் "ரெடி" என்கிறேன். சீட் வராவிட்டால் அக்டோபர் 4-ம் தேதி அந்தப் பொம்பளை என் வாசலில் நின்று என் பேத்தியைத் தன் காரில் ஏற்றுவாள். அன்றைக்குப் பிறகு துன்யா அந்த வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதைக் கேட்டாக வேண்டும். எனக்கு அவமானம் வந்தால் உங்களுக்கு இனிக்கும். ஆனால் அவளும் உங்கள் கொழுந்தனாரின் பேத்திதான்.

ஸ்டாமென்கா


பெல்கிரேட்
20 ஜூலை 2009

ஸ்டாமென்கா,

உன் நாக்கு உன் வாயைவிட நீளம் என்று என் கணவர் சொல்வார். அதன் பலனை நீ அனுபவிக்கிறாய். அந்தப் பெண் அனுபவிக்க வேண்டாம்.

தருகிறேன். மூன்று நிபந்தனை.

காரில் பின்னல் வேலை எதுவும் இருக்கக் கூடாது. பின் கண்ணாடி ஓரத்தில் விரிப்பு, கியர்க் கம்பிக்குக் குல்லாய், கண்ணாடியில் தொங்கும் குஞ்சம், எதுவும்.

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது. மணப்பெண் அதன் மேலேயே உட்காரட்டும்.

முன் சீட்டில், ஓட்டுநர் பக்கத்தில், நான் உட்காருவேன். உன் சம்பந்தி அல்ல. நீயும் அல்ல.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று உன் ஊர் ஒருமுறையாவது பார்க்கட்டும். பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தேன். பொருளை வைத்துக்கொள்ளத் தெரிந்த குடும்பம் எது, தெரியாத குடும்பம் எது என்று நடையிலேயே சொல்லிவிடுவேன்.

ஆட்களை அனுப்பு. நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

விதோசவா


சாச்சக்
9 ஆகஸ்ட் 2009

அக்கா,

மூன்றுக்கும் சரி.

பின் கண்ணாடி விரிப்பை எடுத்துவிட்டேன். அதைப் பின்ன ஒரு குளிர்காலம் ஆயிற்று. உங்களுக்கு அதன் அருமை தெரியாது, எருமைக்கு எதற்குப் பட்டு. கியர்க் குல்லாயையும் கழற்றிவிட்டேன். துன்யா அதைத் தன் சாவிக்கொத்துக்குப் போட்டுக்கொண்டாள். "பெரியம்மா பாட்டி ரொம்ப கறாரா?" என்று கேட்டாள். "கறாரா? அவங்க ஆபீஸ்ல கல்யாணம் பதிஞ்சவங்க பாதிப்பேர், அவங்க மூஞ்சியப் பாத்ததுமே விவாகரத்துக்கு யோசிச்சாங்க" என்றேன்.

பிளாஸ்டிக் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நம் ஜனம் டி.வி. ரிமோட்டையே பையோடு அமுக்குகிற ஜனம். என் சம்பந்தியம்மாளே சோபா உறையைப் பிரிக்காதவள்தானாம், அவள் மகன் சொன்னான். பளபளவென்று உறையோடு பார்த்தால் வாயடைத்துப் போவாள்.

மிலுன் வேனோடு வியாழக்கிழமை வருகிறான். அவனுக்குச் சாப்பாடு போடுங்கள். பன்றிக் கொழுப்பில் வதக்கியது எதுவும் ஆகாது, ரத்தக் கொதிப்பு.

முன் சீட் உங்களுக்குத்தான். தொப்பி போட்டு வராதீர்கள், கூரை தாழ்வு, நான் ஒட்டிய துணி அழுக்காகும்.

ஸ்டாமென்கா


பெல்கிரேட்
21 ஆகஸ்ட் 2009

ஸ்டாமென்கா,

சீட்டுகள் போய்விட்டன. உன் மகன் நல்ல பையன்; உன்னைக் கொண்டு பிறக்கவில்லை. பின் சீட் மூன்றாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "அம்மா, வீட்டையே கழட்டி விக்கிறீங்களா?" என்றார். "வெளிய நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு முனையப் பிடிங்க" என்றேன். பிடித்தார். மிலுன் இரண்டு தட்டு சாப்பிட்டான். பன்றிக் கொழுப்பில் வதக்கியதுதான்.

பால்கனியில் தரை ஓடு சீட் இருந்த இடத்தில் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. தேய்த்தும் போகவில்லை.

உறையைப் பிரிக்காதே.

விதோசவா


சாச்சக்
2 செப்டம்பர் 2009

அக்கா,

பிரித்தேன்.

கோபப்படுவதற்கு முன் உட்காருங்கள். சீட்டைக் காரில் பூட்டியாயிற்று. வெளியே பளபளவென்றுதான் இருந்தது, நானே வாயைப் பிளந்தேன். கதவை மூடி வெயிலில் விட்டோம். சாயங்காலம் கதவைத் திறந்த துன்யா அப்படியே பின்வாங்கிவிட்டாள்.

"பாட்டி, உள்ள ஏதோ செத்துக் கிடக்கு."

"கோழி வாசம் போகலையா?"

"கோழி இல்ல. இது பூஞ்சை. மருந்துக்கடைக்காரி சொல்றேன் கேளு. இது மேல கல்யாண உடுப்போட நான் உக்கார மாட்டேன்."

கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தில் ஒரு விரற்கடை வெட்டினேன். அக்கா, அந்த நாற்றத்தை எழுத எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதாது, உங்கள் படிப்பும் போதாது. உறைக்குள் நாற்பது வருஷத்து வேர்வை. தொழிற்சாலைத் துணியின் சாம்பல் நிறம் எங்கே? கறுப்பும் பச்சையுமாகப் படை. விரலை வைத்தேன், விரல் உள்ளே போயிற்று. இழை ஒட்டடை மாதிரி கையோடு வந்தது. அதற்குக் கீழே தேங்காய் நார் மெத்தை, நாம் யாரும் கண்ணால் காணாத மரத்து நார், பொடியாகி மூக்குப்பொடி மாதிரி கொட்டியது. ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதிலும் துரு.

மூச்சுவிடாமல் வைத்தால் மனுஷனே அழுகுவான். ஒரு மனித விரல் தொட்டதில்லை என்றீர்களே. தொட்டிருந்தால் பிழைத்திருக்கும். பொருளை வைத்துக்கொள்ளத் தெரிந்த குடும்பமாம்! என் கோழிகள் இதைவிடச் சுத்தமாக வைத்திருந்தன. பீங்கான் அலமாரியில் பிணத்தை வைத்துவிட்டு, அதைக் காட்டி இத்தனை வருஷம் என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தீர்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம். என்னிடம் கார் இருக்கிறது, நாறுகிற மூன்று இரும்புக்கூடு இருக்கிறது. சம்பந்தியம்மாள் இந்த ஞாயிறும் போன் பண்ணினாள்.

ஸ்டாமென்கா


பெல்கிரேட்
12 செப்டம்பர் 2009

ஸ்டாமென்கா,

நீ சிரித்திருப்பாய். சிரி.

ஒவ்வொரு கோடையிலும் நான் கத்தரிக்கோலோடு பால்கனிக்குப் போனேன். அந்த பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் தோல் உரியும். ஒவ்வொரு கோடையிலும் கிர்ஸ்மன் என் கையைப் பிடித்தார்.

"தொடாத. திஹோமிர் வந்து கேப்பான். கேக்கற அன்னிக்கு, எடுத்துட்டு வந்த மாதிரியே குடுக்கணும்."

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்களேன்" என்பேன்.

"நான் ஏன் போகணும்? அவன்தானே சின்னவன்."

இதுதான் வருடக்கணக்காக நடந்த பேச்சு, ஒரு சொல் மாறாமல். எனக்கு அலுத்துப்போய்க் கேட்பதை விட்டுவிட்டேன்.

உன் கணவர் இறந்தபோது கிர்ஸ்மன் அடக்கத்துக்கு வரவில்லை என்று நீ ஊர் முழுக்கப் பேசினாய். தந்தி வந்ததும் அவர் கோட்டுப் போட்டார், தொப்பி போட்டார், பால்கனிக்குப் போய் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் தட்டினேன். திறக்கவில்லை. பஸ் போய்விட்டது. இருட்டியபின் வெளியே வந்து, "இனிமே யார் கேக்க வருவா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகும் உறையைத் தொட விடவில்லை.

அவர் போனபின் சனிக்கிழமைதோறும் நான் அதைத் துடைத்தேன். வெளியே துடைத்தேன்.

நான் கல்யாணத்துக்கு வரவில்லை. அழுகிய சீட்டை அனுப்பியவள் முன் சீட்டில் உட்கார்ந்து வருவதை உன் சம்பந்தி பார்க்க வேண்டாம். உன் சேவல் பார்த்ததே போதும்.

விதோசவா


சாச்சக்
20 செப்டம்பர் 2009

அக்கா,

சிரித்தேன். போன கடிதம் எழுதும்போது சிரித்தேன். உங்கள் கடிதம் வந்தபின் சிரிக்கவில்லை; பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன்.

என் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? கிராலியேவோவில் பழைய சாமான் கடையில் இதே சீட் மூன்றும் கிடந்தது. அவரைக் கூட்டிப்போனேன். சுற்றிச்சுற்றிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், கையை வீசிக்கொண்டு வந்துவிட்டார். "ஏன்?" என்றால், "வேற சீட்ட மாட்டிட்டா, அண்ணன் கொண்டாந்து தர்றப்ப எங்க வைக்கிறது? குடுப்பான். அவன்தானே பெரியவன்" என்றார். கஞ்சப் பயல் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். உங்களிடம் நேற்று வரை அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆக, சின்னவன் வரட்டும் என்று ஒருத்தன், பெரியவன் வரட்டும் என்று ஒருத்தன். ஒருத்தன் பீர்ப்பெட்டியில் உட்கார்ந்தான், ஒருத்தன் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தான். இந்த இரண்டு மரமண்டைகளுக்கும் நாம் சட்டைக்குக் கஞ்சி போட்டு, சூப்பில் உப்புப் பார்த்து, ஊர் முன்னால் அவர்கள் பக்கம் நின்று ஒருத்தியை ஒருத்தி கடித்துக்கொண்டோம். நமக்கு என்ன சண்டை என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். எனக்கு அந்தச் சேவல் வரைக்கும்தான் ஞாபகம் வருகிறது.

சீட் வேலை நடக்கிறது. ஸ்பிரிங்கைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சிவப்பு பெயின்ட் அடித்தான் மிலுன். மெத்தைக்காரனிடம் புதுத் தேங்காய் நார் வாங்கினோம். பழைய துணி தொட்டால் உதிர்கிறது, அளவு எடுக்க முடியவில்லை. துண்டு துண்டாகச் செய்தித்தாளில் கோந்து தடவி ஒட்டி, காய்ந்தபின் தாளோடு வெட்டி அளவு எடுத்தேன். தொழிற்சாலைத் துணிக்கும் நான் வாங்கியதற்கும் ஒரு நூல்தான் வித்தியாசம், அதுவும் என்னுடையது ஒசத்தி. ஓரத்துக் கயிற்றுப் பட்டியைத் தைக்கும்போது என் மிஷின் ஊசி இரண்டு ஒடிந்தது. சரி போ என்று செருப்புக்காரர் நூலும் குத்தூசியும் கொண்டு கையால் குத்துகிறேன். துன்யா கடை முடிந்து வந்து மறுபக்கம் ஊசியை வாங்குகிறாள். மருந்துக்கடைக்காரியின் விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி.

வரவில்லை என்று பெரிய இடத்துப் பேச்சுப் பேசாதீர்கள். அழுகினது துணி. அதை நான் முற்றத்தில் கொளுத்திவிட்டேன். சீட் எப்படி இருந்தது என்று எனக்கும் துன்யாவுக்கும் மிலுனுக்கும் தெரியும். சம்பந்தியம்மாளிடம் நான் வாய் திறந்தால் என் நாக்கு அழுகட்டும். மூன்றாவது நிபந்தனை உங்களுடையது. நான் சரி என்றேன், சரிதான். முன் சீட் உங்களுக்கு. நீங்கள் வராவிட்டால் அது காலியாகவே தேவாலயத்துக்குப் போகும்.

ஸ்டாமென்கா


தந்தி
பெல்கிரேட், 3 அக்டோபர் 2009

மணமக்களுக்கு வாழ்த்து. மிலுன் மெதுவாக ஓட்டட்டும். பின்னல் வேலை கூடாது. விதோசவா.


சாச்சக்
11 அக்டோபர் 2009

அக்கா,

தந்தியை மாப்பிள்ளைத் தோழன் எல்லாருக்கும் முன்னால் உரக்க வாசித்தான். பின்னல் வேலை கூடாது என்ற இடத்தில் கூட்டம் கைதட்டியது, அது ஏதோ பெல்கிரேட் ஆசீர்வாதம் என்று நினைத்து.

கார் போயிற்று. துன்யா என் வாசலிலிருந்து அதில்தான் ஏறினாள். பின்னால் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது வழக்கம். பார்த்தாள், என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நாலு கதவிலும் பூவேலைத் துண்டு கட்டினோம். அது பின்னல் இல்லை, நெசவு. வாதாட வராதீர்கள். சம்பந்தியம்மாளின் நீளக் கார் முற்றத்துக்குள் திரும்ப முடியாமல் வேலியை இடித்து நின்றது. அவள் நேரே நம் கார் பக்கம் வந்தாள். உள்ளே குனிந்து கூரையைத் தடவினாள், கதவைத் தடவினாள், சீட்டைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். "ஒரிஜினலா?" என்றாள். "ஸ்பிரிங் ஒரிஜினல், மிச்சம் ஸ்டாமென்கா" என்றேன். மறுபடி ஒருமுறை கிள்ளிப் பார்த்தாள். பாட்டி உயிரோடு இருக்கும்போது துன்யாவுக்கு அந்த வீட்டில் இனி யாரும் சாப்பாட்டோடு குத்தல் பரிமாற மாட்டார்கள்.

பிறகு முன் கதவைத் திறந்து உட்காரப் போனாள். "அது ஆள் உள்ள சீட்" என்றேன். "யாரும் இல்லையே?" "இருக்காங்க. கொஞ்சம் திமிர் பிடிச்சவங்க. லேட்டா வருவாங்க." கதவைச் சாத்தினேன். மிலுன் ஓட்ட, பக்கத்தில் வெறும் சீட்டோடு கார் ஊரைச் சுற்றியது. மொரவா ஆற்றுப் பாலத்தில் எஞ்சின் நின்றது. விருந்தாளிகள் கோட்டோடும் குதிகால் செருப்போடும் தள்ளினார்கள், சம்பந்தியம்மாள் உட்பட. அந்தச் சாயம் பூசிய நகம் நம் கார் முதுகில் பதிந்ததைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனீர்களே! கடைத்தெருவில் ஆளாளுக்குக் கேட்டார்கள், "முன் சீட் யாருக்கு?" என்று. மிலுன் ஒவ்வொருத்தருக்கும் "பெரியம்மாவுக்கு" என்று சொல்லிக்கொண்டே போனான். அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் பின்னால் டிராக்டரில் தூசி தின்றுகொண்டே வந்தேன்.

சீட்டைத் திருப்பித் தருவதாக இல்லை. உங்கள் பால்கனியில் அந்த நிறம் மாறிய தரையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் நம் குலசாமி புனித நிக்கோலாவின் நாள். ஒரே சாமிக்கு நீங்கள் அங்கே தனியாகப் படையல் ரொட்டி வெட்டுகிறீர்கள், நான் இங்கே தனியாக வெட்டுகிறேன். சாமியே எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் நடு ரோட்டில் நிற்பார். அன்றைக்கு மிலுன் அந்தக் காரோடு உங்கள் வாசலில் வந்து நிற்பான். நீங்கள் நாலு மாடி இறங்கினால் போதும். ஆனால் உங்களை எனக்குத் தெரியும், நூறு சாக்கு வைத்திருப்பீர்கள். அதனால் ஒன்று செய்யுங்கள். ஸ்டுடியோவுக்குப் போய் நல்லதாகப் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் வராவிட்டால் அதையாவது முன் சீட்டில் குத்திவைத்து ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். இன்னொரு தடவை என்னால் அந்த சீட்டை வெறுமையாகப் பார்க்க முடியாது. என்னிடம் இருப்பது ஆபீசில் எடுத்தது, கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்தவனைத் திட்டுகிற முகம். அதை வைத்தால் கார் கிளம்பாது. கொஞ்சம் சிரித்த மாதிரி, புதுசாக எடுத்து அனுப்புங்கள்.

ஸ்டாமென்கா